தலைமாட்டில் ஒருவர்



ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் என்றும் பாராமல் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் டியூட்டி முடிந்து வெள்ளைச் சீருடையோடு நேரே வந்த தாதிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு இரண்டு மூன்று ஐயாமார் இருக்கிறார்கள். கண் ஒப்பரேஷன் செய்து கனநாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். ஐயா, நீங்கள் வந்தது எனக்குப் பெரிய உதவி. இன்றைக்கு நான் கதைக்கப் போவது உங்களைப் பற்றித்தான்.

மயக்கம் கொடுக்காமல், விறைப்பூசி மட்டும் போட்டுச் செய்கிற சிகிச்சைகள் இருக்கின்றன. கத்தி பெரிதாக வைப்பதில்லை. ஒரு சின்னத் துளை, ஒரு மெல்லிய குழாய், ஒரு கமரா, ஒரு கம்பி. வேலை முடிந்ததும் ஒரு பிளாஸ்டர். அந்த நேரம் முழுக்க நோயாளி விழித்திருக்கிறார். அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தாதி செய்ய வேண்டியது என்ன? இதுதான் என் தலைப்பு.

"ஆள் முழிப்போடுதானே கிடக்கிறார், அவரைப் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களை நான் தியேட்டருக்குள்ளேயே கண்டிருக்கிறேன். மயங்கிக் கிடப்பவருக்கு மயக்க மருந்து டொக்டர் தலைமாட்டிலேயே நிற்பார். ஒவ்வொரு மூச்சையும் ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார். விழித்துக் கிடப்பவருக்கு யார் நிற்கிறார்? அவர் மூச்சை யார் எண்ணுகிறார்? அவர் பயத்தை யார் எண்ணுகிறார்?

இது எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வெண்புரை எடுப்பது அப்படித்தான். வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது அப்படித்தான். சிறுநீரகம் பழுதானவருக்கு அவசரமாகக் கழுத்தில் டயலிசிஸ் குழாய் வைப்பது அப்படித்தான். கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுப்பதும், இருதயத்துக்கு அஞ்சியோகிராம் செய்வதும் அப்படித்தான். அஞ்சியோகிராமுக்காகக் கொழும்புக்கும் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் வந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். ஏன், வயிறு கீறிப் பிள்ளை பெற்ற தாய்மார் எத்தனை பேர் முதுகில் ஊசி போட்டு, விழித்தபடியே பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்டிருக்கிறீர்கள்! அது பெரிய ஒப்பரேஷன்தான், ஆனால் விழிப்பு ஒன்றுதான்.

நோகாமல் விழித்திருப்பது எப்போது தொடங்கியது? 1884 இல். வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் கண் வைத்தியர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் விறைத்துப்போகும் என்று கண்டுபிடித்தார். ஹைடல்பேர்க் நகரில் கண் வைத்தியர்களின் மாநாடு. அங்கே போகக் கையில் காசில்லை. இன்னொருவரிடம் அறிக்கையைக் கொடுத்து வாசிக்க வைத்தார். பதினான்கு வருடம் கழித்து, 1898 இல், ஜேர்மனியில் ஓகஸ்ட் பியர் முள்ளந்தண்டில் மருந்தேற்றி இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார். இன்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் போடுகிற லிக்னோகெயின் 1943 இல் சுவீடனில் உருவாகி, 1948 இல் பாவனைக்கு வந்தது. கண்ணைத் திறந்துகொண்டு, நோகாமல் ஒப்பரேஷன் என்கிற காரியத்துக்கு இன்னும் 150 வயதுகூட ஆகவில்லை.

ஆனால் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது 1929 இல் நடந்த கதை. தாதிமாரே, இது உங்களுக்கான கதை.

பேர்லினுக்குப் பக்கத்தில் எபேர்ஸ்வால்டே என்ற சிறிய ஊர். அங்குள்ள ஆஸ்பத்திரியில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் டொக்டர். கையிலுள்ள நாளத்தில் ஒரு குழாயை விட்டால் இருதயம் மட்டும் கொண்டுபோகலாம் என்பது அவர் எண்ணம். பெரிய டொக்டர் கூடாதென்று விட்டார். கருவிகளின் திறப்போ தியேட்டர் தாதி கெர்டா டிட்சன் கையில். போர்ஸ்மன் அவரோடு கதைத்துக் கதைத்துச் சம்மதிக்க வைத்தார். டிட்சன் என்ன சொன்னார் தெரியுமா? "சரி, என்மேல் செய்யுங்கள்" என்றார்! போர்ஸ்மன் அவரை மேசையில் படுக்க வைத்தார், கையையும் காலையும் கட்டினார், கையில் அயடின் பூசினார். பிறகு மெல்லத் திரும்பி, தன் கையை விறைக்க வைத்து, தன் நாளத்துக்குள்ளேயே குழாயை விட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் டிட்சனுக்குக் கோபம். கட்டை அவிழ்த்துக்கொண்டு இரண்டு பேரும் எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்கள். அங்கே ஒரு தாதி கண்ணாடி பிடிக்க, அந்தக் கண்ணாடியில் திரையைப் பார்த்துப் பார்த்தே போர்ஸ்மன் குழாயை இருதயம் வரைக்கும் தள்ளினார். 1956 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டிட்சனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

இந்தக் கதையில் நோயாளி யார்? தாதி யார்? இரண்டு பேரும் மாறி மாறி இரண்டுமாக இருக்கிறார்கள். ஒருவர் முழிப்போடு மேசையில் கட்டப்பட்டுக் கிடக்கிறார். தன்னை என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மற்றவருக்கு எல்லாம் தெரியும், பக்கத்தில் கண்ணாடி பிடிக்க ஆளும் இருக்கிறது. விழித்துக் கிடக்கும் எந்த நோயாளியும் இந்த இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் கிடக்கிறார். எதில் கிடக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது யார்? கத்தி பிடிப்பவர் அல்ல. அவருக்கு அதற்கு நேரமில்லை. பக்கத்தில் நிற்பவர்தான்.

1977 செப்டெம்பர் 16 ஆம் திகதி சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக ஒருவரின் இருதயக் குழாய்க்குள் பலூனை ஊதி அடைப்பை விலக்கினார். அந்த நோயாளிக்கு 38 வயது. அவரும் விழித்துத்தான் இருந்தார். அன்றிலிருந்து இந்தக் குழாய் வைத்தியம் வளர்ந்த வேகம் உங்களுக்குத் தெரியும். கருவி வளர்ந்தது. கமரா வளர்ந்தது. கண்ணாடி பிடிக்கிற கை வளர்ந்ததா?

இனி என்னோடு கொஞ்சம் அந்த மேசையில் படுங்கள்.

பதவிசிறிபுரப் பக்கத்து விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருக்குக் கழுத்தில் குழாய் வைக்கிறார்கள். தலையை மற்றப் பக்கம் திருப்பச் சொல்கிறார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைப் பதிக்கிறார்கள். கால் உயர்ந்து, இரத்தம் முகத்துக்கு ஏறுகிறது. குளிர்ந்த மருந்தால் கழுத்தைத் துடைக்கிறார்கள். பிறகு பச்சைத்துணி. முகத்தை மூடியாகிவிட்டது. மூக்குக்கு மேலே துணி, துணிக்குள்ளே அவருடைய சூடான மூச்சு. கண்ணால் செய்ய ஒன்றுமில்லை. முழு மனிதனும் காதுக்குள் போய்விடுகிறான்.

அந்தக் காதில் என்ன விழுகிறது? தட்டில் இரும்பு விழும் சத்தம். மொனிட்டரின் பீப் பீப். "அது எங்க? இது இல்லையா? அப்ப மற்றதை எடுங்க." யாருடையதோ கைத்தொலைபேசி. மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றிய நியாயமான முறைப்பாடு. பிறகு திடீரென்று ஒரு "ச்சா!" அவ்வளவுதான். கீழே விழுந்தது வெறும் பஞ்சுத்துண்டாக இருக்கலாம். துணிக்குள் கிடப்பவருக்கு அது தன் உயிர். கம்பி உள்ளே போகும்போது நெஞ்சு இரண்டு தரம் படபடவென்று அடிக்கும். அது வழமை என்று எங்களுக்குத் தெரியும், டொக்டருக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னது?

நோயாளிக்குக் கேட்கும் தூரத்தில் குசுகுசுப்பது கொடுமை என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இல் வெளிவந்த தன் தாதியக் குறிப்புகளிலேயே கண்டித்திருக்கிறார். நாங்கள் அவர் பெயரில் விளக்கேற்றிச் சத்தியம் செய்கிறோம். அந்தக் குறிப்புகளை வாசிக்கிறோமா?

சரி, வாய் திறந்து கதைத்தால் போதுமா? அதுவும் போதாது! இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஊசி போடுமுன் நாங்கள் எல்லோரும் ஒரு வசனம் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்கிறீர்கள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." "கொஞ்சம் நோகும், பொறுத்துக்கொள்ளுங்க." நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் 2010 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைக் கேளுங்கள். பிள்ளை பெற வந்த 140 தாய்மார். முதுகில் விறைப்பூசி. பாதிப் பேருக்குச் சொன்னது: "பெரிய தேனீ கொட்டின மாதிரி இருக்கும், இதுதான் ஆக மோசமான கட்டம்." மற்றப் பாதிக்குச் சொன்னது: "இந்த மருந்து அந்த இடத்தை விறைக்க வைக்கும், பிறகு உங்களுக்குச் சுகமாக இருக்கும்." ஊசி ஒன்று, மருந்து ஒன்று. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது முதல் கூட்டத்தின் நடுப்புள்ளி ஐந்து, இரண்டாவது கூட்டத்தின் நடுப்புள்ளி மூன்று. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வாயிலிருந்து வந்தது.

எல்விரா லாங் என்ற கதிரியக்க நிபுணரின் குழு 2005 இல் இதையே வேறு வழியாகக் காட்டியது. குழாய் வைத்தியத்துக்கு வந்த 159 பேரின் சிகிச்சையை வீடியோ எடுத்து, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். "நோகும்", "எரியும்", "கொட்டும்" என்று முன்கூட்டியே எச்சரித்தபோது வலியும் பயமும் கூடின. முடிந்த பிறகு "ஐயோ, நல்லா நொந்துபோச்சா?" என்று அனுதாபப்பட்டபோதும் பயம் கூடியது.

அப்படியென்றால் பொய் சொல்லச் சொல்கிறேனா? இல்லை. "ஒன்றுமே தெரியாது" என்று சொல்லிவிட்டு ஊசி போடுவது துரோகம்; அடுத்த முறை அவர் எங்களை நம்பமாட்டார். நடக்கப் போவதைச் சொல்லுங்கள். "இப்ப மருந்து போடுறோம் ஐயா. அந்த இடம் கொஞ்சம் இறுக்கமா, பிறகு விறைப்பா வரும். நீங்கள் மெதுவா மூச்சை விடுங்க." அதில் பொய் எங்கே இருக்கிறது? தேனீயும் எறும்பும் எங்கே இருக்கின்றன?

இங்கிலாந்தில் சரே பல்கலைக்கழகத்தினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரே எங்கள் தொழிலைப் பற்றியது. காலில் நரம்பு சுருண்டவர்களுக்கு விறைப்பூசியில் செய்கிற சிகிச்சை, 398 பேர். சிலருக்குப் பாட்டுப் போட்டார்கள். சிலருக்குப் படம் காட்டினார்கள். சிலருக்குக் கையில் பிசைய ஒரு பந்து கொடுத்தார்கள். சிலருக்குத் தலைமாட்டில் ஒரு தாதியை வைத்துக் கதைக்கச் சொன்னார்கள். பாட்டால் பலன் தெரியவில்லை. படம் பயத்தைக் குறைத்தது, வலியைக் குறைக்கவில்லை. பந்து இரண்டையும் குறைத்தது. பயத்தை ஆகக் கூடுதலாகக் குறைத்தது தாதியோடு கதைத்ததுதான். கிட்டத்தட்ட 30 வீதம். இதற்கு மேலும் சான்று வேண்டுமென்றால், கொரியாவில் கண்புரை ஒப்பரேஷனில் நோயாளியின் கையைப் பிடித்திருந்த தாதிமாரைப் பற்றி 2001 இல் ஆய்வு வந்தது. கை பிடிக்கப்பட்டவர்களின் பதற்றம் குறைந்தது, இரத்தத்தில் அட்ரினலினும் குறைந்திருந்தது.

கேட்கச் சந்தோசமாக இருக்கிறது, இல்லையா? "அப்ப அன்பாக இருந்தால் போதும்" என்று யாராவது எழும்பிப் போவதற்கு முன் இன்னொரு முடிவையும் சொல்லிவிடுகிறேன். எனக்கே முதலில் வாசித்தபோது பிடிக்கவில்லை.

அதே லாங் குழுவினர், கட்டிகளுக்குக் குழாய் வழியாகச் சிகிச்சை பெற்ற 201 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழமையான பராமரிப்பு. ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து அன்பாக, கருத்தாகக் கவனிப்பார். மூன்றாவது கூட்டத்துக்கு அதோடு சேர்த்து, தாங்களே மூச்சையும் மனத்தையும் ஆற்றிக்கொள்ளும் வழியை வாசித்துக் காட்டி நடத்துவார்கள். சிக்கல்கள் எத்தனை பேருக்கு வந்தன? வழமையான கூட்டத்தில் நூற்றுக்கு 26 பேருக்கு. தானே ஆற்றிக்கொள்ளக் கற்றவர்களில் 12 பேருக்கு. அன்பை மட்டும் பெற்ற கூட்டத்தில் 48 பேருக்கு! ஆய்வை இடையில் நிறுத்தவே வேண்டி வந்தது. 2008 இல் அதை அச்சிட்டார்கள்.

ஏன் இப்படி? என் விளக்கம் இது. "ஐயோ பாவம்" என்று பக்கத்தில் நிற்பவர், தன்னையறியாமல் நோயாளியின் பயத்துக்கு ஆமாம் போடுகிறார். ஆறுதல் வெளியிலிருந்து வருகிறது. வெளி ஆள் ஒரு நிமிடம் திரும்பினால் ஆறுதலும் போய்விடுகிறது. நீச்சல் தெரியாதவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பதும், அவருக்குக் கை கால் அடிக்கச் சொல்லிக் கொடுப்பதும் ஒன்றல்ல. தாதியின் வேலை இரண்டாவது. இது பயிற்சி. இது திறமை. நல்ல குணம் உள்ள பிள்ளைக்குத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிட முடியாது. நாளத்தில் ஊசி ஏற்றுவதைத் தானாக வரும் என்று விடுகிறோமா?

தாதித் தங்கைமாரே, அடுத்ததை நன்றாகக் கேளுங்கள். நோயாளியோடு கதைப்பதைச் சிலர் ஓர் உபசாரம் என்று நினைக்கிறார்கள். நேரமிருந்தால் செய்வது, இல்லாவிட்டால் விடுவது. நான் சொல்கிறேன், அது மொனிட்டர். லிக்னோகெயின் இரத்தத்தில் கூடிவிட்டால் முதலில் என்ன நடக்கும்? உதடும் நாக்கும் மரத்துவரும். வாயில் இரும்புச் சுவை தட்டும். காதுக்குள் இரையும். பேச்சுக் குழறும், ஆள் காரணமில்லாமல் அந்தரப்படுவார். அதற்குப் பிறகுதான் வலிப்பு, அதற்குப் பிறகுதான் இருதயம். இந்த முதல் அறிகுறிகளில் எதையாவது உங்கள் திரை காட்டுமா? ஒட்சிசன் 98 என்று அது பாட்டுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். "மிஸ்ஸி, வாய் ஒரு மாதிரி இருக்கு" என்பதை நோயாளிதான் சொல்வார், சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால். மாத்தளைக்குக் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று குழறினால், கதை கேட்டுக்கொண்டிருந்தவருக்குத்தான் அது விளங்கும். எக்ஸ்ரே மருந்துக்கு உடம்பு கடிக்கத் தொடங்குவதும் அப்படித்தான். கொட்டாவி விட்டு, வியர்த்து, நாடி விழுவதும் அப்படித்தான். கதையை நிறுத்தினால் கண்காணிப்பை நிறுத்தியதாகத்தான் அர்த்தம்.

வாயால் கதைக்க முடியாத இடமும் உண்டு. எண்டோஸ்கொபியில் பல்லுக்கு நடுவே வளையம். கண் ஒப்பரேஷனில் கதைத்தால் தலை அசையும். அங்கே கைதான் வாய். "ஒருதரம் அமத்தினால் நோகுது என்று எடுப்பன். இரண்டுதரம் அமத்தினால் இருமல் வருகுது என்று டொக்டரை நிப்பாட்டச் சொல்லுவன்." துணி போடுமுன் இதை ஒத்திகை பார்க்க எவ்வளவு நேரம்? அரை நிமிடம். இருமலைச் சொல்ல வழியில்லாமல் அடக்கி அடக்கி, கடைசியில் ஊசி கண்ணுக்குள் இருக்கும்போது இருமியவர்களின் கதை கண் வார்டுகளில் நிறைய உண்டு.

எண்டோஸ்கொபிக்குக் குழாய் இறங்கும்போது "விழுங்குங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்துவதும், பிறகு "விழுங்காதீங்க" என்று கத்துவதும் கேட்டிருக்கிறீர்களா? பாவம், அந்த மனுசன் என்ன செய்வார்? ஒரே ஒரு குரல் போதும். இடப்பக்கம் சரிந்து படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே குனிந்து, "எச்சிலை விழுங்க வேண்டாம், அப்படியே வடிய விடுங்க, நான் துடைக்கிறன். மூக்கால் மூச்சை எடுங்க." எச்சில் வடிவது வெட்கம் என்று நினைப்பவருக்கு, அது வடியத்தான் வேணும் என்று ஒருவர் சொல்வதே பாதி மருந்து.

இன்னொன்று. காது கேட்கும் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பிறகு ஐயாவுக்கு விளங்கவில்லை என்று உரத்துக் கத்துகிறோம். எதற்காகக் கழற்றினோம்? கேட்டால், "எல்லாம் கழற்றித்தான் அனுப்புறது" என்பார்கள். முழு மயக்கத்துக்குப் போகிறவருக்கு எழுதிய விதியை முழிப்போடு கிடப்பவருக்கும் போட்டால் இப்படித்தான் முடியும்.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன்.

மேலைநாட்டுக் கையேடுகளில் ஒரு வசனம் அடிக்கடி வரும். கண்ணை மூடி, அமைதியான கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நோயாளிக்குச் சொல்லுங்கள். திருகோணமலையில் கடற்கரைக்கு என்ன குறை? ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இந்தக் கரையில் எத்தனை பேருக்குக் கடல் அமைதி? பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயிடம், கண்ணை மூடி அலையைக் கேளுங்கள் என்று சொல்ல உங்களுக்கு நா எழும்புமா? அதேநேரம் இன்னொருவருக்கு, விடிய முன் வள்ளத்தில் போய் வலை வளைக்கும் கடல்தான் உலகத்திலேயே நிம்மதியான இடம். ஆகவே இடத்தை நீங்கள் தெரிவு செய்யாதீர்கள். "நீங்கள் எங்க இருந்தா மனதுக்கு ஆறுதல்?" என்று கேளுங்கள். ஒருவர் வயல் வரம்பு என்பார். ஒருவர் கோணேசர் கோயில் படி என்பார். ஒரு கிண்ணியா உம்மா, மகள் வீட்டுக் குசினி என்பார். அந்தக் குசினியில் அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

முகத்தை மூடுகிற துணி எல்லோருக்கும் வெறும் துணி அல்ல. கண்ணைக் கட்டிக் கொண்டுபோகப்பட்டவர்கள் இந்த மண்ணில் உயிரோடு இருக்கிறார்கள். கையைக் கட்டினால் உடம்பு எதையெதையோ நினைக்கும். அவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். நாங்கள் துருவிக் கேட்கவும் கூடாது. "முகம் மூடினா உங்களுக்கு ஏதும் செய்யுமா?" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்டுவிட்டால், சொல்ல வேண்டியவர் சொல்லுவார். துணியை ஒரு கம்பியில் தூக்கிக் கட்டி, கீழே முகத்துக்குக் காற்றும் வெளிச்சமும் விடலாம். செலவு? ஒன்றுமில்லை.

தொடைவழியே குழாய் விடும்போது எங்கள் தாய்மாருக்கு ஊசியைவிடப் பெரிய வேதனை வெட்கம். தேவையான இடத்தை மட்டும் திறந்து, மற்றதை மூடி, கதவடியில் வந்துபோகிறவர்களை நிறுத்த வேண்டும். தலை மூடும் சகோதரிகளுக்குத் தியேட்டர் தொப்பியை வடிவாகப் போட்டுவிட்டால் தலையும் மூடியாகிவிடும், சுத்தமும் கெடாது. இதற்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது பாஷை. 1987 இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. அது சட்டப் புத்தகத்தில். பச்சைத்துணிக்கு அடியில் என்ன மொழி? டொக்டர் சிங்களம், தாதி சிங்களம், மேசையில் ஈச்சிலம்பற்றிலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்த தமிழ் அப்பா. அதுபோலவே, எல்லோரும் தமிழ் கதைக்கும் தியேட்டரில் தனியே ஒரு சிங்கள விவசாயி. இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. "நோகுதா?" என்று கேட்கக் கற்றுக்கொண்ட சிங்களத் தாதிமாரையும், "ரிதெனவத?" என்று கேட்கக் கற்றுக்கொண்ட தமிழ்த் தாதிமாரையும் எனக்குத் தெரியும். ஆனால் கேட்கத் தெரிந்தால் போதாது, பதில் விளங்க வேண்டும். வாயில் இரும்புச் சுவை என்று ஒருவர் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காவிட்டால், நான் முன்பு சொன்ன மொனிட்டர் அணைந்து கிடக்கிறது. அஞ்சியோகிராமுக்கு வெளியூர் போகிற எங்கள் ஆட்களுக்கு இது இன்னும் பெரிய பிரச்சினை. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டொக்டர், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், தமிழிலேயே வைத்தியப் புத்தகங்களை ஆக்கினார். அந்நியருக்கு விளங்கிய தேவை எங்கள் நிர்வாகங்களுக்கு விளங்க இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

"எல்லாம் சரி மிஸ்ஸி, ஆள் எங்க?" என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை முகத்தாலேயே கேட்கிறது. நியாயமான கேள்வி. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதிமார் வெளிநாடு போய்விட்டார்கள் என்பதை வார்டுகளில் காலியாகக் கிடக்கும் இடங்களே சொல்லும். ஒருவர் மூவரின் வேலையைச் செய்யும்போது, தலைமாட்டில் நின்று கதைக்கச் சொல்வது பகிடி போலத் தெரியும்.

இதற்கு எனக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, நேரம். லாங் குழுவின் முதல் பெரிய ஆய்வு 2000 ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் வந்தது. 241 நோயாளிகள். வழமையான பராமரிப்பில் ஒரு சிகிச்சைக்கு 78 நிமிடம் எடுத்தது. தானே ஆற்றிக்கொள்ள வழிகாட்டப்பட்டவர்களுக்கு 61 நிமிடம். மருந்தும் பாதிக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அந்தரப்படுகிற நோயாளியைப் பிடித்து, சமாதானப்படுத்தி, பிரஷர் இறங்கும்வரை காத்து, மீண்டும் தொடங்குவதில் போகிற நேரத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? 17 நிமிடத்தை மிச்சம் பிடித்துத் தருகிற வேலையைச் செய்ய நேரமில்லை என்பது சரியான கணக்கா?

இரண்டாவது பதில் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. மதுரையில் டொக்டர் ஜி. வெங்கடசாமி 1976 இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருக்கு மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே ஒப்பரேஷன் செய்தவர். இன்று உலகிலேயே ஆகக்கூடுதலாகக் கண் ஒப்பரேஷன் செய்யும் நிறுவனங்களில் ஒன்று அது. பெரும்பாலும் விறைப்பூசியில், விழித்திருக்கும் கிராமத்து மனிதர்களுக்கு. ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு மேசையில் முடிக்க, பக்கத்து மேசையில் அடுத்தவர் ஆயத்தமாகப் படுத்திருப்பார். ஆயத்தப்படுத்துவது யார்? சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து, இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண் பிள்ளைகள். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். நோயாளி கதைக்கும் அதே கிராமத்துத் தமிழில் கதைப்பவர்கள். அதை அப்படியே இங்கே நட முடியும் என்று நான் சொல்லவில்லை; எங்கள் அரச ஆஸ்பத்திரி முறை வேறு, ஆளணிச் சட்டம் வேறு. ஆனால் தலைமாட்டு வேலையைப் பிரித்தெடுத்து, அதற்கென்று ஆளை வைத்து, அந்த ஆளைப் பயிற்றலாம் என்பதை அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிதல்ல. விழித்திருக்கும் நோயாளிக்கு எந்தச் சிகிச்சை நடந்தாலும், அன்றைய பட்டியலில் டொக்டரின் பெயருக்கும் உதவித் தாதியின் பெயருக்கும் கீழே மூன்றாவதாக ஒரு பெயர் எழுதப்பட வேண்டும். அவர் தட்டில் கருவி எடுத்துக் கொடுக்கக் கூடாது, தொலைபேசிக்கு ஓடக் கூடாது, புத்தகம் எழுதக் கூடாது. அவர் தலைமாட்டில் நிற்பார். நோயாளியின் மொழி அவருக்குத் தெரிந்திருக்கும். பெயர் எழுதாத வேலை எல்லோருடைய வேலையாகி, கடைசியில் யாரும் செய்யாத வேலையாகிவிடும் என்பது ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

மட்டக்களப்பில் தாதியர் கல்லூரியிலும் கிழக்குப் பல்கலைக்கழகச் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்திலும் படிப்பிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: பச்சைத்துணிக்கு அடியில் உங்கள் மாணவர்களை ஒரு தரமாவது படுக்க வையுங்கள். பத்து நிமிடம் போதும். பக்கத்தில் நின்று தட்டை உருட்டுங்கள், குசுகுசுத்துக் கதையுங்கள். அதற்குப் பிறகு விரிவுரை தேவைப்படாது.

பின்வரிசை ஐயாமாரே, அம்மாமாரே, கடைசியாக உங்களுக்கு. வெட்கப்படாமல் கதையுங்கள். மேசையில் ஏறுமுன், துணி போடுமுன், அந்த மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். எந்தக் காது கேட்காது, எந்தத் தோள் நோகும், இருமல் இருக்கிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு இழுக்குமா, இருட்டுக்குப் பயமா என்று சொல்லுங்கள். முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு கடித்ததா என்று சொல்லுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு ஏறுங்கள். நடுவில் நெஞ்சு படபடத்தால், வாய் மரத்தால், காது இரைந்தால் "மிஸ்ஸி" என்று கூப்பிடுங்கள். தொந்தரவு கொடுக்கிறோம் என்று நினைத்து அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள். கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால், வெளியே வந்த பிறகு அதை எழுதிக் கொடுங்கள். முறைப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. அதைத் தமிழிலும் எழுதலாம்.